பொகவந்தலாவைப் பாதையில் மூத்த மகள்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதை, காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டியும் தேயிலைச் சரிவுகளை ஊடறுத்தும் வளைந்து செல்வதால், பேருந்தில் வருவோரின் பார்வை பெரும்பாலும் நீரிலும் பசுமையிலுமே தங்கிவிடுகிறது. ஆயினும் பிற்பகல் இரண்டு மணியளவில் அப்பாதையில் செல்பவர், சீருடையோடு தம்பி தங்கையரைக் கைபிடித்து மேடேறும் சிறுமிகளையும், அதே சரிவில் கொழுந்து பறிக்கும் அவர்களுடைய தாய்மாரையும் ஒருங்கே காணலாம்.

அச்சிறுமிகள் செல்வது லயங்களுக்கு. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்படத் தொடங்கிய சிறு வீடுகள் அவை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் களத்துக்கு, விரையும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளை மடுவம் எனப்படும் தோட்டக் காப்பகத்தில் விட்டுச் செல்கிறாள். பள்ளி செல்லும் வயது வந்த பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பள்ளிக்கூடமோ பிற்பகல் ஒன்றரை மணிக்கே முடிந்துவிடுகிறது. தாயோ மாலை நிறுவையில் கொழுந்தின் எடை பதிவான பின்னரே வீடு திரும்புகிறாள். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் எடுப்பதும், அடுப்பு மூட்டுவதும், இளையவர்களுக்குச் சோறு போடுவதும் மூத்த மகளின் பொறுப்பு. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் கண்டால் பள்ளிக்குப் போகாமல் நிற்பவளும் அவளே. ஏனெனில் தாய் நின்றுவிட்டால் அன்றைய ‘பேர்’, அதாவது நாட்கூலிக்குரிய பதிவு, இல்லாமற்போகும். விதித்த எடை குறைந்தாலோ அது அரைப்பேராகிவிடும். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்ந்தபோதும் எடையோடு கூலியைப் பிணைக்கும் இவ்வழக்கம் ஒழியவில்லை. தாயின் முழுப்பேரைத் தாங்கி நிற்கும் மகளின் உழைப்பு, செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் ஒருநாளும் ஏறுவதில்லை.

ஹட்டன் புகையிரத நிலையத்தில் கொழும்பு வண்டிக்குக் காத்துநிற்கும் இளம்பெண்களுள், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுக் கடை வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ செல்லும் மூத்த மகள்கள் பலர். அவ்வாறு மகளை அனுப்பிவிட்ட தாயை வருத்துவது வறுமை மட்டுமன்று. சோறு குழைந்ததற்கும் தம்பி விழுந்ததற்கும் மகளை ஏசியதும், இளையவர்களைக் கொஞ்சியதுபோல் அவளைக் கொஞ்சாததும், ஒன்பது வயதிலேயே அவளைப் பெரியவளாக எண்ணிவிட்டதும் நெஞ்சை அறுக்கின்றன. வேலை நேரம் இழைத்த தீங்கைத் தன் குணக்கேடாக எண்ணித் தாய் வருந்துவது கொடுமை; அவ்வாறு வருந்தவேண்டியவள்தான் என்று ஊரும் உறவும் ஒப்புக்கொள்வது அதனினும் கொடுமை. பிள்ளை மடுவத்தை மாலை நிறுவை முடியும்வரை பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்து, ஒருவேளைச் சோறும் ஒருவரின் துணையும் அளிப்பது தோட்ட நிருவாகங்களால் இயலாத காரியமன்று.