பாப்பா கும்பிட்டாள்

இந்தப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். ஆயாவைப் பற்றி எழுதிவிட்டேன். பள்ளித் தோழர்கள், அலுவலகத் தோழர்கள் வரை வந்துவிட்டேன். என் தங்கையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. உறவினர் ஒருவர் போன வாரம் அதைக் கேட்டேவிட்டார். எழுதாததற்குக் காரணம் மறதி அல்ல.

அவள் 1959-இல் பிறந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. முறையாகப் பெயர் வைத்தோம். ஆனால் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. கடைசி வரைக்கும் அவள் பாப்பாதான்.

ஆறாவது மாதத்தில் பாப்பா கும்பிட ஆரம்பித்தாள். தூங்கி எழுந்ததும் மடியில் உட்கார வைத்தால் தலை சட்டென்று முன்னால் குனியும். இரண்டு கைகளும் விரிந்து முன்னே வரும். ஒரு நொடி அப்படியே இருக்கும், பிறகு தளரும். சில நொடிகள் கழித்து மறுபடியும். இப்படி வரிசையாகப் பத்து முறை, இருபது முறை. "என்னா பக்தி பாரு, எந்தச் சாமியோ வந்து பொறந்திருக்கு" என்று ஆயா பூரித்துப் போவார். நான் தெருவுக்கு ஓடிப் பையன்களைக் கூட்டி வருவேன். "எந்தங்கச்சி கும்புடுவா, வந்து பாருங்கடா." அவர்கள் பதிலுக்குக் கும்பிடுவார்கள். எல்லோரும் சிரிப்போம்.

அதைத்தான் இத்தனை வருடம் எழுத முடியவில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் அம்மா. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது நின்றுபோயிருந்தது. கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புவதில்லை. ஆயா மாந்தம் என்றார். ஒருத்தி வந்து உரம் எடுத்தாள். தாயத்து கட்டினார்கள். பிறகு வைத்தியரிடம் காட்டியபோது வயிற்று வலியாக இருக்கும் என்றார். வலிப்பு என்று தெரிந்து பீனோபார்பிட்டால் கொடுக்க ஆரம்பித்தபோது பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அது வலிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் இந்த வகை வலிப்புக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. கும்பிடுவது தானாகக் குறைந்து வேறு விதமான வலிப்புகள் வந்தன. பாப்பா பேசவில்லை. முப்பத்தோரு வயது வரை அம்மா ஊட்டிவிட்டார். 1990-இல் போய்ச் சேர்ந்தாள்.

நோயின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது அதற்குச் சில வருடம் முன்னால்தான். நரம்பியல் மருத்துவர் ஒருவர் அம்மாவிடம் கேட்டார்: "கைக்குழந்தையா இருந்தப்ப, கும்புடற மாதிரி வரிசையா குனிஞ்சாங்களாம்மா?" அம்மா திகைத்துப்போய், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். ஒரு சீட்டில் 'வெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1841-இல் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு வயதை நெருங்கும் தன் சொந்த மகனுக்கு வரும் விசித்திரமான வலிப்பை விவரித்து, வேறு யாராவது இதைப் பார்த்ததுண்டா, வழி உண்டா என்று கேட்கிறார். அட்டை விட்டுப் பார்த்திருக்கிறார், பேதிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், அபின் கொடுத்துப் பார்த்திருக்கிறார். எதுவும் பயன்படவில்லை. லண்டனில் சர் சார்லஸ் கிளார்க் என்ற பெரிய மருத்துவரிடம் கொண்டு போனார். அவர் இதே மாதிரி சில குழந்தைகளைப் பார்த்திருந்தார். தலை குனிவதைப் பார்த்து 'சலாம் வலிப்பு' என்று பெயரும் வைத்திருந்தார்.

சலாம்! எங்கள் ஆயா கும்பிடு என்றார், லண்டன் மருத்துவர் சலாம் என்றார். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றைத்தான். வெஸ்டின் மகன் தேறவில்லை, இருபது வயதளவில் இறந்துபோனான். அந்த நோய்க்கு இன்று தகப்பனின் பெயர்தான் வழங்குகிறது.

அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் பெரிய முன்னேற்றம் இல்லை. மூளையின் மின்னலைகளைத் தாளில் வரையும் இ.இ.ஜி. கருவி வந்த பிறகுதான் உள்ளே நடப்பது தெரிந்தது. 1952-இல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதியர் இந்தக் குழந்தைகளின் இ.இ.ஜி.யில் வரும் கோலத்துக்கு 'ஹிப்சாரித்மியா' என்று பெயர் வைத்தார்கள். அலைகள் மலை மலையாக எழும்பி ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாகக் கிடக்கும் என்று பொருள். வலிப்பு வரும் அந்தச் சில நொடிகள் மட்டும் அல்ல, இடைப்பட்ட நேரத்திலும் மூளைக்குள் அந்தக் குழப்பம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழந்தை கற்க வேண்டிய மாதங்கள் அதிலேயே கழிந்துவிடுகின்றன. பாப்பாவின் சிரிப்பு எங்கே போனது என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்துப் படித்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. 1958-இல் பெல்ஜியத்தில் சொரேல் என்பவரும் அவருடைய சக மருத்துவரும் இப்படிப்பட்ட 21 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி போட்டதும் வலிப்பு நின்றது, இ.இ.ஜி.யும் சீரானது என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை பிரெஞ்சில் வந்தது. பாப்பா பிறப்பதற்கு முந்தின வருடம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் உட்கார்ந்து வினைச்சொல் வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த அதே மொழி. அந்த ஊசி உடனே எங்கள் தெருவை எட்டியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

2017-இல் ஒரு நாள் காலை இளைய மகள் கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். பேரனுக்கு அப்போது ஏழாவது மாதம். கூடவே குரல் செய்தி: "அப்பா, தாத்தாவுக்கு வணக்கம் சொல்றான் பாருங்க." மூன்று முறை குனிந்தான். நான்காவது முறை குனிவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கை நடுங்கியது. உடனே கூப்பிட்டேன்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நாலஞ்சு நாளாப்பா. தூங்கி எழுந்தா செய்றான். அத்தை ஒண்ணுமில்லன்னாங்க. ஏம்பா, அழறீங்களா?"

மறுநாளே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். அன்றைக்கே இ.இ.ஜி. எடுத்தார். உடம்பில் இலை வடிவத்தில் வெளிறிய தழும்பு இருக்கிறதா என்று விளக்கு வைத்துத் தேடினார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவி நோய்க்கு அது அடையாளம். அந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு விகாபாட்ரின் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. பிறந்தபோது மூச்சுத் திணறியதா, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதா என்றெல்லாம் கேட்டார். ஸ்கேனும் எடுத்தார். எங்கள் பேரனுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அதுவே நல்ல சகுனம் என்றார் மருத்துவர். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் ஆரம்பித்தார்.

ஸ்டீராய்டா என்று மருமகன் பயந்தார். பயப்பட வேண்டியதுதான். குழந்தை ஊதிப்போனான், எந்நேரமும் அழுதான், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. விகாபாட்ரினுக்கும் விலை உண்டு, அது பார்வையின் ஓரங்களைக் குறைத்துவிடலாம். எதைக் கொடுப்பது என்று உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2004-இல் இங்கிலாந்தில் 107 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்ததில், ஹார்மோன் அல்லது ஸ்டீராய்டு பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்கும், விகாபாட்ரின் பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கும் இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றிருந்தது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 72 சதவீதம், ஹார்மோன் வகை மட்டும் கொடுத்தபோது 57 சதவீதம். ஆனால் ஒன்றரை வயதில் பார்த்தபோது, சேர்த்துக் கொடுத்ததால் மட்டும் வளர்ச்சி கூடிவிடவில்லை. எந்த மருந்தானாலும், வலிப்பு தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே உள்ள நாட்கள் கூடக் கூட, குழந்தையின் வளர்ச்சி பின்தங்குகிறது. ஒரு வாரத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஒன்பதாம் நாளிலிருந்து பேரன் கும்பிடவில்லை. மூன்றாம் வாரம் என் மகளைப் பார்த்துச் சிரித்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கணக்கு கொஞ்சம் மந்தம், பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்ததிலிருந்து வாய் ஓய்வதில்லை.

வலிப்பு என்றால் கீழே விழுந்து, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ள வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கைக்குழந்தைக்கு அப்படித்தான் வர வேண்டும் என்று இல்லை. கும்பிடுகிற மாதிரி வரும், திடுக்கிடுகிற மாதிரி வரும், வயிறு வலித்துச் சுருள்கிற மாதிரி வரும். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்த நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வரும். மருத்துவர் முன்னால் வைத்தால் குழந்தை சமர்த்தாக இருக்கும். வெஸ்ட் பக்கம் பக்கமாக எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நமக்குக் கைபேசி இருக்கிறது. ஒரு நிமிடம் படம் எடுத்து அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

இதை இளம் தாய்மார்களுக்காக நான் எழுதவில்லை. அவர்கள் பயந்துபோய்க் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்பது நம்மிடம், பாட்டி தாத்தாக்களிடம். நம் வயதில் இருப்பவர்கள் சொல்லும் "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தைக்கு வீட்டில் கனம் அதிகம். எங்கள் ஆயா பாப்பாவை உயிராக வைத்திருந்தவர். அவரும் அதைத்தான் சொன்னார்.