தொண்டைமானின் படைக்கலக் கொட்டில்

பழைய புத்தகக் கடைகளில் மணிக்கணக்கில் நின்றபடியே நேரம் போக்குகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவன்தான். நூலைப் புரட்டுவதற்கு முன் உள்ளட்டையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து, பரிசாகத் தந்த நாள், கலைந்துபோன ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை என்று அங்கே இருப்பவை சில சமயம் நூலைவிடவும் அதிகம் பேசும். இந்தப் பலவீனம் உள்ள நண்பர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கிவிடும். மற்றவர்களுக்குச் சற்று விபரீதமாகத் தோன்றலாம். பல ஆண்டுகளாக நான் சேகரித்து வருபவை பழைய ராணுவத் துப்பாக்கிகள்.

தமிழ் படித்தவனுக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் குடியேறி, இங்கேயே குடியுரிமையும் பெற்ற பிறகு வாய்த்த உறவு இது. ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒருநாள் தம் கார் கொட்டகைக்கு என்னை அழைத்துச் சென்று, பழுப்பு நிறக் கிரீஸில் முழுவதும் மூழ்கிய நீளமான பொருள் ஒன்றைக் காட்டினார். ரஷ்யாவின் மொசின் நகான்ட். கிடங்கில் பல்லாண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகப் பூசிய காஸ்மோலினைச் சூடாக்கிச் சூடாக்கித் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து எழுத்துகள் தெரிந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியவை அந்த எழுத்துகளே.

இந்த நாட்டில் ராணுவ உபரித் துப்பாக்கிகளுக்கென்று தனி உலகமே உண்டு. போர் முடிந்த பின்போ, புதிய ஆயுதம் வந்த பின்போ நாடுகள் தங்கள் பழைய துப்பாக்கிகளை மொத்தமாக விற்றுவிடுகின்றன. சோவியத் ஒன்றியம் சிதறிய பின் கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளிலிருந்து மொசின்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. 2000களின் தொடக்கத்தில் ஒன்றின் விலை 100 டாலருக்கும் குறைவு. இன்று அந்த விலைக்கு ஒன்றைக் காண்பது அரிது. ஐம்பது வயது கடந்த ஆயுதங்களைச் சேகரிப்பவர்களுக்கென்று மத்திய அரசு தனி உரிமம் வழங்குகிறது. மூன்றாண்டுகளுக்குக் கட்டணம் 30 டாலர். அதற்கு ஒரு நிபந்தனை, பதிவேடு ஒன்றை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். எந்த நாளில், யாரிடமிருந்து, என்ன வகை, என்ன எண் என்பதை இடப்பக்கம் எழுத வேண்டும். கைமாறினால் யாருக்கு, எப்போது என்பதை வலப்பக்கம் எழுத வேண்டும்.

முதுகலை வகுப்பில் எங்களுக்குச் சுவடிப் பதிப்பு கற்பித்தார்கள். ஒரே பாட்டுக்கு மூன்று சுவடிகள், மூன்று பாடங்கள். எது மூலம், எது ஏடெழுதியவர் கைவரிசை என்று தேர்வது எப்படி என்பதே பாடம். துப்பாக்கியிலும் நான் செய்வது ஏறக்குறைய அதைத்தான். மொசினின் குழல் மீது அம்பு பதிந்த முக்கோணம் இருந்தால் அது இஷெவ்ஸ்க் தொழிற்சாலை. நட்சத்திரம் இருந்தால் தூலா. 1938இல் செய்ததைத் தடவிப் பாருங்கள், எஃகு வழுவழுப்பாக இருக்கும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் செய்தவற்றில் கடைசல் இயந்திரத்தின் கீறல்கள் அப்படியே நிற்கும். ஜெர்மானியப் படை உள்ளே புகுந்துவிட்ட நாட்களில் மெருகேற்ற யாருக்கும் நேரமில்லை. அந்தப் போரைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்கள் தராத ஓர் உணர்வை விரல்நுனியில் பட்ட அந்தச் சொரசொரப்பு தந்தது.

பின்லாந்துத் துப்பாக்கிகள் இன்னும் சுவையானவை. ரஷ்யப் பேரரசிலிருந்து விடுபட்டபோது தங்கள் மண்ணில் கிடந்த மொசின்களையும், பிற்பாடு போரில் கைப்பற்றியவற்றையும் கொண்டே பின்லாந்துக்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளை உருவாக்கினார்கள். குழலும் கட்டையும் அவர்களுடையவை. நடுவிலுள்ள இரும்புக்கூடு பழைய ரஷ்யாவுடையது. என்னிடமிருக்கும் ஒன்றில் குழல் மீது 1942 என்றிருக்கிறது. திருகுகளைக் கழற்றி மரத்திலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தால், வால்பகுதியின் அடியில், கட்டைக்குள் மறைந்தபடி 1898 என்றிருக்கிறது. ஜார் மன்னனுக்காகச் செய்த துப்பாக்கி ஸ்டாலினின் படைக்கு எதிராக நின்றிருக்கிறது. திருப்பணியின்போது இடம்மாறிய கல்வெட்டுக் கல்லை மதில் சுவரில் தலைகீழாகப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வியப்பு புதிதல்ல.

வாசிப்பது மட்டும்தானா, சுடுவதில்லையா என்று கேட்பீர்கள். சுடுகிறேன். அதில் கிடைக்கும் இன்பத்தை மறைத்து எழுதினால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். சுடுதளத்தில் வயிற்றுப்பக்கம் கவிழ்ந்து படுத்து, நூறு கெஜத்துக்கு அப்பால் இருக்கும் தாளைப் பார்க்கும்போது உலகம் சுருங்கிவிடுகிறது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். விசையை இழுக்கிறோம் என்று தெரியாதபடி இழுக்க வேண்டும். வெடிக்கும் கணம் நமக்கே எதிர்பாராததாக அமைந்தால்தான் குண்டு நேராகப் போகும். அடிக்கட்டை தோளில் உதைக்கும் உதை இரண்டு நாள் வலியாகத் தங்கும். பழைய தோட்டாக்களின் அடியில் இருக்கும் தீமூட்டும் மருந்தில் குளோரேட் கலந்திருக்கும். அது எரிந்து குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெயால் உப்பு கரையாது, வெந்நீர்தான் வேண்டும். எனவே சுட்ட அன்றே வெந்நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெயிட வேண்டும். வீட்டில் நான் கெட்டிலோடு கொட்டகைக்குப் போனால் தேநீருக்கல்ல என்று என் மனைவிக்குத் தெரியும்.

எரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்னும் ராணுவ முகாம் இருக்கிறது. 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளால் பெயர்பெற்ற இடம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, இத்தாலியக் கைதிகளை அங்கே வைத்திருந்தார்கள். அங்குள்ள விற்பனைக் கூடத்தில் கேரண்ட் துப்பாக்கிகள் வரிசை வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கச் சிப்பாய் சுமந்த ஆயுதம் அது. அவற்றில் பல கிரேக்கத்துக்கும் டென்மார்க்குக்கும் கடனாகப் போய், ஒரு தலைமுறைக்குப் பின் திரும்பி வந்தவை. எட்டாவது தோட்டா தீர்ந்ததும் காலி உறை மேலே தெறித்து ‘டிங்’ என்று ஒலிக்கும். அன்று எனக்குப் பக்கத்தில் நின்ற எண்பது வயதுக்காரர் ஒருவர், ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “கனம் கூடிவிட்டது” என்று மட்டும் சொன்னார். வாங்கவில்லை.

என்னிடமிருப்பவற்றில் எனக்கு மிக நெருக்கமானது சுவிட்சர்லாந்தின் கே-31. போல்ட்டைத் திருக வேண்டியதில்லை, நேராக இழுத்துத் தள்ளினால் போதும். கைக்கடிகாரம் செய்கிறவர்களின் கைவேலை என்று தெரியும். அதன் அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே சில சமயம் ஒரு சிறு சீட்டு இருக்கும். துப்பாக்கி யாருக்கு வழங்கப்பட்டதோ அந்தப் படைவீரனின் பெயரும் பிரிவும் அதில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு திருகுகளைக் கழற்றி நான் பார்த்தபோது சீட்டு இருந்தது. பழுத்த தாள், தெளிவான எழுத்து. இப்படிக் கிடைத்த பெயர்களைத் தேடிக் கடிதம் எழுதிப் பதில் பெற்றவர்களும் சேகரிப்பாளர்களில் உண்டு. நான் எழுதவில்லை. படித்துவிட்டு, இருந்தபடியே மடித்து உள்ளே வைத்துத் திருகைப் பூட்டினேன். இரு உலகப் போர்களிலும் நடுநிலை வகித்த நாட்டின் துப்பாக்கி அது. பெரும்பாலும் தாளையும் பலகையையும் மட்டுமே சுட்டிருக்கும். மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: “இதற்கு மட்டும் வாயிருந்தால்!” அவர்கள் மனத்தில் இருப்பது வீரக் கதைகள். ஆனால் 1963இல் டல்லாஸ் நகரில் கென்னடியைக் கொன்றதும் ராணுவ உபரித் துப்பாக்கிதான். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஆஸ்வால்ட் பொய்ப்பெயரில் அஞ்சலில் வரவழைத்த இத்தாலிய கார்கானோ. தொலைநோக்கியும் அனுப்பும் செலவும் உட்பட 21 டாலர் 45 சென்ட். அஞ்சல்வழி விற்பனைக்கும் உபரி இறக்குமதிக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டதன் பின்னணியில் அந்தக் கொலை இருக்கிறது. அதற்கும் வாய் இருந்திருந்தால் பேசியிருக்கும்.

என் சேகரிப்பில் கடைசியாக வந்தது ஒரு லீ என்ஃபீல்ட், நம் ஊரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பிடியின் வலப்பக்கம் கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகள், அதன் கீழ் இஷாப்பூர், 1943. மன்னரும் பேரரசருமான ஜார்ஜ் என்பதன் லத்தீன் சுருக்கம் அந்த மூன்றெழுத்து. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது இஷாப்பூர். முன்கட்டை பிளக்காமல் இருக்க அங்கே குறுக்காக ஒரு திருகு சேர்ப்பார்கள். அதை வைத்தே இந்தியாவில் இருந்த துப்பாக்கி என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். விடுதலைக்குப் பின் முத்திரைகளில் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. துப்பாக்கி மட்டும் மாறாமல் காவல்துறையின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு முறைப்படி விடைகொடுத்தது 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில்தான். பிறந்த நாட்டில் அதன் தோட்டா அளவு பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அங்கே நான் தொட முடியாத பொருள் இங்கே என் அலமாரியில் நிற்கிறது.

மற்ற துப்பாக்கிகளின் ஆண்டை வாசிப்பதுபோல் இந்த 1943ஐ என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். இறந்தவர்கள் 20 முதல் 30 லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. கொல்கத்தாவின் நடைபாதைகளில் கஞ்சித் தண்ணீர் கேட்டு மனிதர்கள் விழுந்து கிடந்த மாதங்களில், அதே ஆற்றின் கரையில் இந்தக் கட்டையைத் தேய்த்து மெருகிட்டிருக்கிறார்கள். தேய்த்தவன் அன்று சாப்பிட்டானா என்று முத்திரை சொல்லாது. இதற்கு முந்தைய தலைமுறை என்ஃபீல்டுகளிலிருந்துதான் 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் 1,650 தோட்டாக்கள் பாய்ந்தன. சுட்டவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள், சுடச் சொன்னவர் டயர்.

ஆயுத பூஜை அன்று ஊரிலிருக்கும் அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி பேனா, மடிக்கணினி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று, துப்பாக்கிக்கு வைக்கட்டுமா என்று பின்னாலிருந்து கேலியாகக் கேட்டாள். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “அது யாரு பெத்த புள்ளைய சுட்டுச்சோ, அதுக்குப் போயி பொட்டு வைக்காதடா” என்றார். வைக்கவில்லை. அன்றைக்கு அலமாரியையே திறக்கவில்லை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு எல்லோரும் அறிந்தது. அதியமானின் தூதாக ஔவையார் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயில்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய்பூசிக் காவலில் வைத்த வேல்கள். என் தலைவனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வதுபோல் இகழ்ந்தது அது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். போர் காணாத ஆயுதம், போர் அறியாத அரசன் என்பது குறிப்பு.

என்ஃபீல்டுக்கு எண்ணெயிடும்போதெல்லாம் அந்தப் பாட்டு நினைவுக்கு வரும். ஔவை என் கொட்டகைக்கு வந்தால் என்ன சொல்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொண்டைமானின் வேல்கள் போருக்குக் காத்திருந்தவை. இங்கே நிற்பவை போரிலிருந்து திரும்பியவை. கொல்லன் பட்டறையையும் பார்த்தவை. இனி இவற்றுக்கு ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. சேகரிப்பதற்கு இதைவிட உயர்ந்த நியாயம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. தாளில் துளையிட்டு, வெந்நீரில் குளித்து, நெய்க்குப் பதில் எண்ணெய் பூசிக்கொண்டு இவை வயதாகட்டும். அந்த இகழ்ச்சியை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

என் பதிவேட்டின் இடப்பக்கம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. வலப்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஒருநாள் அதையும் நிரப்பத்தான் வேண்டும். அந்தப் பெயர்களை எழுதும்போது, வாங்கிய நாளில் நான் விலை பார்த்ததைவிடக் கவனமாக ஆளைப் பார்த்து எழுத வேண்டும் என்று இருக்கிறேன்.