மட்டாஞ்சேரியில் ஒரு யூதத் தெரு

"ஜூதப் பள்ளிக்கல்லே?" என்று ஆட்டோ ஓட்டுநர் கேட்டதும், என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, லீவுக்கு வந்த இடத்திலேயும் பள்ளிக்கூடமா?"

மலையாளத்தில் மசூதியும் பள்ளிதான், மாதா கோயிலும் பள்ளிதான், யூதர்களின் ஜெப ஆலயமும் பள்ளிதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் வண்டி மட்டாஞ்சேரியில் நின்றுவிட்டது. குருவாயூர் தரிசனம் முடித்து, சென்ற பள்ளி விடுமுறையில் கொச்சியில் இரண்டு நாள் தங்கினோம். முதல் நாள் சனிக்கிழமை. யூதர்களுக்கு அது ஓய்வுநாள்; ஆலயம் பூட்டிக் கிடந்தது. அங்கே போக எண்ணும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் போனாலும் ஏமாற்றம்தான்.

சரி, தெருவையாவது பார்ப்போம் என்று நடந்தோம். இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நம் தோட்டத்து லயத்துக்கு மாடி வைத்ததுபோல் இருக்கிறது என்றாள் மனைவி. சன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம். ஒரு காலத்தில் கீழ்த்தளமெல்லாம் மிளகு, சுக்குக் கிடங்குகள். இன்று பழம்பொருள் கடைகளும் காஷ்மீர்ச் சால்வைக் கடைகளுமே அதிகம். ஆனாலும் ஓரிரு கதவுகளைத் தாண்டும்போது சுக்கு வாசனை மூக்கைத் துளைக்கிறது.

கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் போர்த்துக்கீசியரின் தொல்லை பொறுக்காமல் வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே 1567இல் நிலம் கொடுத்தார். மறு ஆண்டே ஆலயம் எழும்பியது. 1662இல் போர்த்துக்கீசியர் அதைச் சேதப்படுத்த, அடுத்த ஆண்டு கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் சீரமைத்தார்கள். மணிக்கூண்டு 1760இல் வந்தது. அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், ஆலயத்தைப் பார்த்த முகத்தில் எபிரேய எழுத்துகள். ஒரே மணியை அவரவர் தம் எழுத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரை முழுவதும் சீனாவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள். நடுவில் பித்தளைக் கம்பியிட்ட மேடை. மேலே பெண்கள் அமரும் மாடம். கண்ணாடிச் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

ஆனால் நான் தேடிப் போனது இந்த ஆலயத்தார் காத்துவரும் செப்பேட்டின் வரலாற்றை. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவனுக்குக் கொடுத்த பட்டயம் அது. கி.பி. 1000ஐ ஒட்டியது என்பது அறிஞர் கருத்து; யூத மரபோ அதைப் பல நூற்றாண்டுகள் முன்னே கொண்டுபோகிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து மொழி. மன்னன் முயிரிக்கோட்டில் இருந்து கொடுத்ததாம். சங்க நூல்கள் பாடும் நம் முசிறிதான் அது. குடை, பல்லக்கு, பகல் விளக்கு, பறை, தோரணம் என்று 72 உரிமைகள். சுங்கவரி விலக்கும் உண்டு. ஊர்விட்டு வந்த ஒரு குலத்துக்குக் குடைபிடித்து நடக்க உரிமை கொடுத்ததைப் படித்தபோது, தமிழாசிரியனான எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தப் பெருமிதம் அதிக நேரம் நீடிக்கவில்லை. இந்த ஆலயத்தின் பெயர் பரதேசி ஆலயம். நாம் நினைக்கும் பொருள் வேண்டாம். வெளிதேசத்தார் என்றே அர்த்தம். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னால் வந்தவர்கள் இவர்கள். பல நூற்றாண்டுகளாக அங்கேயே வாழ்ந்த மலபார் யூதர்களுக்குத் தெருவின் தெற்கே தனி ஆலயங்கள் இருந்தன. இரு சாராரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. இதற்கும் கீழே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள். அவர்களுக்குப் பரதேசி ஆலயத்தில் இருக்கை கிடையாது. தரையிலோ படியிலோ உட்கார வேண்டும்.

அவர்களில் 1882இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். (நம் சேலத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை.) சட்டம் படித்தார், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். சட்டசபையில் ஆசனம் உண்டு, ஆலயத்தில் இல்லை! காந்தியடிகள் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அதனால் வந்தது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் 1950இல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைப் பம்பாயில்தான் நடத்த வேண்டியிருந்தது.

அதற்குள் கப்பல் ஏறும் காலம் வந்துவிட்டது. இஸ்ரேல் நாடு 1948இல் உருவானது. 1950களில் மலபார் யூதர்கள் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். பரதேசிகளும் பின்னர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். தெற்குக் கோடியில் இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

யூதர்களின் முறையான கூட்டு வழிபாட்டுக்கு, மரபுப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் போதாது. பரதேசி ஆலயத்திலேயே அந்தப் பத்து சேராத நிலை வந்தது. வெளியூர் யூதப் பயணிகள் வந்தால், எர்ணாகுளத்தில் எஞ்சியிருந்த மலபார் யூதர்களும் வந்தால், கணக்குச் சேரும். யாரோடு சமமாக உட்கார மறுத்தார்களோ அவர்களையே எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

பத்து என்ற எண்ணைக் கேட்டதும் என் மனம் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் இவ்வாண்டு முதலாம் வகுப்புப் பதிவேட்டில் நான்கு பெயர்கள். லயத்தில் பாதி வீடுகள் காலி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்க நகரத்திலிருந்து பிள்ளைகள் திரும்பி வரவேண்டும். பழைய கிராணி வீட்டாரும் லயத்தாரும் ஒரே பந்தியில் உட்காராத காலத்தை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினேன். மனைவி அதற்குள் தெருவில் ஒரு கடையை விசாரித்துக்கொண்டிருந்தாள். யூத மூதாட்டி ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்து பூவேலை செய்து விற்ற கடையாம். 2019இல், தம் 96ஆம் வயதில் அவர் காலமானார். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் அன்பர்.

மனைவி பக்கத்துக் கடையில் ஒரு சிறிய பூவேலைத் துணி வாங்கினாள். பேரம் பேசவில்லை. எனக்குத்தான் ஆச்சரியம்.