சென்னை, ஹைதராபாத், பெங்களூர்: மூன்று நகரங்களின் வெயில்

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயில் புதிதல்ல. ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டைத் தாண்டி வரும் கச்சான் காற்று, தன் ஈரத்தையெல்லாம் மலையின் மறுபக்கத்தில் மழையாகக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். கடற்காற்றைக்கூடக் கரையேற விடாது. அந்த நாட்களில் முற்றத்து மணலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. ஆகவே, 2023 மே மாதம் சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காகத் தென்னிந்தியா செல்லும் வாய்ப்புக் கிடைத்தபோது, "அங்க வெயில் கொல்லும் புள்ள, குடைய மறந்திராத" என்று அம்மா சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று வாரங்களில் மூன்று நகரங்களில் தங்கினோம். முதலில் சென்னை, அடுத்து ஹைதராபாத், இறுதியாக பெங்களூர். புறப்படும் முன்பே பத்திரிகைகளில் வந்த பாகைக் கணக்கைப் பார்த்து, ஹைதராபாத்தான் மிகக் கடினமாக இருக்கும், சென்னை பரவாயில்லை, பெங்களூரில் பயமே இல்லை என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அந்தப் பட்டியல் எப்படிப் பிழைத்துப்போனது என்பதைத்தான் வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்னை: இரவிலும் இறங்காத புழுக்கம்

நாங்கள் சென்னையில் இறங்கியது அக்கினி நட்சத்திரக் காலத்தில். சித்திரை மாதப் பிற்பகுதியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதிவரை நீடிக்கும் இந்த நாட்களைச் சென்னை மக்கள் கத்திரி வெயில் என்றும் அழைக்கிறார்கள். பகலில் 37, 38 பாகை செல்சியஸ் என்பது அங்கே வழமையான கணக்கு. மதியத்துக்குப் பின் கடற்காற்று வந்தால் வெப்பம் சற்று இறங்கும். மேற்கேயிருந்து வரும் தரைக்காற்று பலமாக வீசி, கடற்காற்று பிந்தினால் 40ஐத் தாண்டிவிடும். 2003 மே 31ஆம் திகதி அங்கே 45 பாகை பதிவாகியிருக்கிறது.

கடற்காற்று வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றே நானும் நினைத்தேன். ஆனால் அந்தக் காற்று வெப்பத்தைக் குறைக்கும்போதே ஈரத்தையும் சுமந்து வருகிறது. மாலை ஆறு மணிக்கு நெற்றியில் துடைத்த வியர்வை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மறுபடி வந்து நிற்கும். விடுதி அறைக்குள் இரவு காயப்போட்ட சேலையைக் காலையில் தொட்டால் ஈரமாகவே இருக்கும். கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு. மே மாத இரவுகளில் வெப்பநிலை 27, 28 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆனியிலும் முடிவில்லை. சென்னைக்குப் பெருமழை தருவது எங்கள் கிழக்கு மாகாணத்தைப் போலவே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான். அது வர ஐப்பசி ஆகவேண்டும்.

நகரின் தெற்கே, ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றிய தொடர்மாடிகளுக்கு ஒருநாள் எங்களை அழைத்துச் சென்றார்கள். வீட்டுவேலைக்குச் செல்லும் ஒரு அக்காவின் வீட்டில் அமர்ந்தோம். ஒரு அறை, ஒரு சிறு குசினி, ஒரு யன்னல். "பகல் எப்படியாச்சும் போயிடும்மா. வேலை செய்ற வீட்ல ஃபேன் ஓடும். ராத்திரிதான் கஷ்டம்" என்றார் அவர். வீட்டு ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே படுப்பார்கள். "வயசுப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு மாடியில எப்படிம்மா படுக்கிறது?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பகலெல்லாம் வெயில் வாங்கிய கொங்கிறீட் கூரை இரவு முழுவதும் அதைத் திருப்பித் தருகிறது. அதன் கீழே படுத்தவர் காலை நான்கரை மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழும்ப வேண்டும். 2019ஆம் ஆண்டு நகருக்கு நீர் தரும் ஏரிகள் வரண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். லொறிக்காகக் குடங்களுடன் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

ஹைதராபாத்: தெரியாமலே போகும் வியர்வை

ஓர் இரவு ரயில் பயணம். காலையில் ஹைதராபாத்தில் இறங்கியதும் காற்று வேறு. தக்காண மேட்டுநிலத்தில், கடல் எட்டாத தூரத்தில், கருங்கற்பாறைகளுக்கு நடுவே இருக்கும் நகரம் அது. பகலில் 40, 41 பாகை. ஆனால் ஈரம் இல்லை. தோய்த்துப் போட்ட சேலை ஒரு மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிட்டது. வியர்க்கவில்லை. "இது சென்னையை விடச் சுகம்" என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மறுநாள் பிற்பகல் சார்மினார் அருகே லாட் பஜாரின் வளையல் கடைகளைப் பார்க்க நடந்தோம். மலசலகூடம் எங்கே இருக்கும் என்று தெரியாத இடம். ஆகவே வழமைபோலத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தேன். இது நம்மில் எத்தனை பேருக்குப் பழகிப்போன பழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். உதடு வெடித்தது, கண் இருண்டது, கடைப்படியில் அமர்ந்துவிட்டேன். வளையல் விற்ற அம்மா ஒருவர் என் தலையில் ஈரத்துணி போட்டு, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரை மெதுவாகக் குடிக்கத் தந்தார். "வடதெப்ப" என்று அவர் சொன்னதை, உடன் வந்த தெலுங்குத் தோழி வெயில் தாக்குதல் என்று விளக்கினார்.

வியர்வை இல்லாமல் இல்லை. வந்த கணமே காய்ந்துபோனதால் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உடலின் நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டே இருந்திருக்கிறது. 2015 மே மாத வெப்ப அலையில் இந்தியாவில் 2000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரா, தெலங்கானா மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் சந்திகளை அங்கே அட்டா என்கிறார்கள். அதிகாலையில் அங்கே வந்து நிற்கும் பெண்களுடன் பேசினோம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். குடித்தால் எங்கே போவது என்பதுதான் அவர்களின் பதிலும்.

ஈரத்துணி சொல்லும் கணக்கு

எங்கள் பயிற்சியில் ஒரு சுகாதார ஆசிரியை இதைத் தெளிவாக விளக்கினார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், துணியின் நீர் ஆவியாகும்போது வெப்பநிலை இறங்கும். நம் உடலும் வியர்வையால் இப்படித்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. உடலும் குளிராது.

இரு உதாரணங்கள் தந்தார். ஹைதராபாத்தில் 41 பாகை, ஈரப்பதன் 20 வீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 23 பாகை. சென்னையில் 36 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால் அது ஏறத்தாழ 29 பாகை. பத்திரிகையில் ஐந்து பாகை குறைவாக இருக்கும் சென்னையில்தான் உடல் கூடுதலாகத் திணறுகிறது. ஈரக்குமிழ் 35 பாகையைத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் நீண்ட நேரம் தாங்க முடியாது என்கிறார்கள். வேலை செய்பவர்களுக்கும் முதியோருக்கும் அதற்கு வெகு முன்பே ஆபத்துத் தொடங்கிவிடுகிறது.

இதை அறிந்தபின் இரு ஊர்களின் வீடுகளும் எனக்கு விளங்கின. ஹைதராபாத்தில் நடுத்தர வீடுகளின் யன்னலோரம் தண்ணீர் நனைத்த பாய்களுக்கூடாகக் காற்றை இழுக்கும் கூலர் வைத்திருக்கிறார்கள். மட்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. சென்னையில் அதே கூலரை வைத்தால் அறைக்குள் ஈரம்தான் கூடும். அங்கே குளிரூட்டி வாங்க வசதியுள்ளவர் தப்புவார். மற்றவருக்கு மின்விசிறிதான்.

பெங்களூர்: உயரம் தந்த சலுகை

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட உயரம். பகலில் 33, 34 பாகை. இரவில் 22 வரை இறங்குகிறது. அங்கே சித்திரையே உச்ச வெயில். மே மாதத்தில் மாலை மழை தொடங்கிவிடும். பழைய வீடுகளில் மின்விசிறியே இருக்கவில்லை என்று வயதானவர்கள் சொன்னார்கள். முதல் இரவு போர்வை கேட்டு வாங்கினேன்.

ஆனால் அந்தச் சலுகையும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. 2016 ஏப்ரலில் அங்கே 39.2 பாகை பதிவானது. ஏரிகள் பலவும் மரங்களும் கட்டிடங்களுக்கு இடம்விட்டு மறைந்துவிட்டன. கட்டிட வேலைக்காக வட கர்நாடகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நீலத்தகரக் கொட்டில்களில் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் நான் பெங்களூரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. "எங்கள் ஊரில் வெயில் இதைவிட அதிகம். ஆனால் வாசலில் வேம்பு நின்றது" என்று ஒரு இளம் தாய் கன்னடத்தில் சொன்னார். அவர் மடியில் கைக்குழந்தை வெப்பத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களும் இதையே சொன்னார்கள்: தகரக் கூரை, இஸ்திரி ஆவி, மலசலகூடத்துக்குப் போனால் முகம் சுளிக்கும் மேற்பார்வையாளர். கட்டுநாயக்கவில் வேலை செய்து திரும்பிய நம் பெண்பிள்ளைகளிடம் நான் கேட்ட கதைகள்தான்.

அளக்கப்படாத இடம்

வளிமண்டலவியல் நிலையங்களில் வெப்பமானியை வெள்ளை வர்ணம் பூசிய, காற்று நுழையும் பெட்டிக்குள், திறந்த வெளியில் வைக்கிறார்கள். நகரங்களை ஒப்பிட அது சரியான முறைதான். ஆனால் பெண்கள் வாழ்வது அந்தப் பெட்டிக்குள் அல்ல. அடுப்பு அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சமைக்கும் குசினியிலும், இரவில் பூட்டிய அறையிலும் எத்தனை பாகை என்று எவரும் எழுதிவைப்பதில்லை. எந்த நகரம் கூடுதல் வெப்பம் என்று இப்போது என்னிடம் கேட்டால், யாருக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

மாற்றமும் நடக்காமல் இல்லை. புடவைக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள் குரல் எழுப்பியதன் பயனாக, கேரளா 2018இலும் தமிழ்நாடு 2021இலும் விற்பனைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைச் சட்டமாக்கின. தண்ணீரும் மலசலகூடமும் நிழலும் அப்படியே கேட்டுப் பெறவேண்டியவைதான்.

நாம் செய்யக்கூடியவை

நமது நாட்டிலும் இந்த இரண்டு வெயிலும் உண்டு. கொழும்பிலும் கரையோரங்களிலும் புழுக்கம். கச்சான் காலத்தில் மட்டக்களப்பில் வரண்ட வெப்பம்.

வியர்க்காவிட்டாலும், தாகம் எடுக்காவிட்டாலும் இடைக்கிடை தண்ணீர் குடியுங்கள். வெயிலில் களைத்தவருக்கு ஜீவனி கொடுக்கலாம். அது இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறி, நினைவு மங்கினால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள்.

உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை ஒரு கேள்வியைப் போடுங்கள்: நம் சந்தையிலும் வேலைத்தலத்திலும் பெண்கள் பயமின்றித் தண்ணீர் குடிக்கக்கூடியதாக மலசலகூடம் இருக்கிறதா? ஊர் திரும்பியதும் எங்கள் சங்கத்தில் இதைக் கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மீன் விற்கும் ஒரு அக்கா, "நான் காலையில ஒரு தேத்தண்ணி குடிச்சா, பிறகு வீட்டுக்குப் போய்த்தான் புள்ள" என்றார். பிரதேச சபைக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரும்வரை எழுதிக்கொண்டிருப்போம்.