கருகல் வாடையின் எச்சரிக்கை

பழைய காரொன்றை வாங்கிய சில வாரங்களில், குடும்பத்தோடு பயணம் செய்கையில் பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கினோம்.

சாலையில் கிடக்கும் பாலித்தீன் பை சூடான சைலன்சர் குழாயில் ஒட்டி உருகுவதும் உண்டு. குனிந்து பார்த்தேன், குழாயில் ஒன்றுமில்லை. ஏ.சி. காற்றைக் கூட்டிய பின்னரே வாடை மிகுந்தது என்றாள் என் மனைவி. அதுவே மெக்கானிக்கிற்கு வழிகாட்டியது.

பியூஸ் பெட்டியைத் திறந்தார். 15 ஆம்பியர் நீல பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், முன்பு யாரோ 30 ஆம்பியர் பச்சை பியூஸைச் செருகியிருந்தனர். காற்றுவிசிறி மோட்டார் தேய்ந்து இறுகி, அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்திருக்கிறது. உருக வேண்டிய பியூஸ் உருகவில்லை. வயரின் உறை உருகியது. மோட்டாரையும் வயரையும் மாற்றி, உரிய பியூஸைப் பொருத்தியபின் வாடை அகன்றது.

தான் அழிந்து வண்டியைக் காப்பதே பியூஸின் பணி. அது அடிக்கடி உருகினால் நோய் வேறிடத்தில் உள்ளது என்பது பொருள். பெரிய பியூஸைச் செருகுவது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது போன்றதே. பழைய வண்டி வாங்குவோர், பியூஸ் பெட்டி மூடியிலோ கையேட்டிலோ உள்ள அளவுகளோடு ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்ப்பது நலம்.