நைரோபியில் பதினோரு மணி நேரம்

லுசாக்கா வந்து ஒரு வாரம் ஆகிறது. எல்லாரும் நலம். "வழியில் காட்டுக்குப் போனீங்களாமே டீச்சர், எழுதுங்க" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மகள் குழுவில் போட்ட ஒட்டகச்சிவிங்கிப் படம்தான் காரணம். எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பையிலிருந்து நைரோபி, அங்கே விமானம் மாறி லுசாக்கா. காலை ஆறு மணிக்கு இறங்கினால் அடுத்த விமானம் மாலை ஐந்துக்கு. "உள்ளேயே நல்ல நாற்காலியாப் பாத்து உக்காந்துக்கோங்க அத்தை" என்றார் மருமகன். ஓய்வு பெற்ற நாள் முதல் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன்! மகள்தான் துணிந்து, கென்யாவுக்குள் நுழையும் அனுமதியை இணையத்தில் வாங்கி, வண்டிக்கும் சொல்லிவைத்தாள். நைரோபி தேசியப் பூங்கா விமான நிலையத்துக்கு அவ்வளவு பக்கம்.

வெளியே வந்ததும் ஏற்காட்டுக் குளிர். நம்மைப் போலவே அங்கேயும் சாலையில் இடப்பக்கம்தான் போகிறார்கள். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். ஆசிரியை என்றேன். அதற்கப்புறம் என்னை ஒரு முறைகூட மேடம் என்று சொல்லவில்லை. "முவாலிமு" என்றுதான் கூப்பிட்டார். சுவாஹிலியில் ஆசிரியருக்கு அதுதான் சொல். தான்சானியாவின் முதல் அதிபர் நைரேரேயை அந்த நாடே அப்படித்தான் அழைத்தது, அவரும் வாத்தியார்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தினார். அங்கே தேநீர் "சாய்", சப்பாத்தி சப்பாத்தியேதான். இந்தியாவிலிருந்து ரயில்பாதை போடப் போனவர்களும் வணிகம் செய்யப் போனவர்களும் கொண்டுசேர்த்த ருசி.

பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். 117 சதுர கிலோமீட்டர். 1946இல் தொடங்கியது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள்மரத்தின் உச்சியை மேய்ந்துகொண்டு நிற்கிறது, அதன் கழுத்துக்குப் பின்னால் நகரத்தின் அடுக்குமாடிகள் தெரிகின்றன. படத்தை ஒட்டு வேலை என்று நினைத்த கொழுந்தனாருக்குச் சொல்கிறேன், ஒட்டு வேலை இல்லை! மேர்வின் கவி என்பவர்தான் இதற்காகப் பாடுபட்டவர். அரசு காது கொடுக்காதபோது, விலங்குகளையெல்லாம் கொன்று தீர்த்துவிடலாம் என்று பத்திரிகைக்குப் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினாராம். படித்த ஜனங்கள் கொதித்தார்கள். அவருக்கு வேண்டியதும் அந்தக் கொதிப்புதான். நல்ல தந்திரம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த மசாய் மக்களை அப்புறப்படுத்தித்தான் பூங்கா வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று பக்கம் வேலி. தெற்குப் பக்கம் மட்டும் ஆற்றைத் தாண்டித் திறந்த வெளி. வரிக்குதிரைகள் மழைக்குத் தக்கபடி அந்த வழியாகப் போய்வரும். இப்போது அந்தப் பக்கமும் வீடுகளும் வேலிகளுமாக ஆகிக்கொண்டிருக்கிறது என்றார் ஓட்டுநர். பூங்காவுக்கு மேலேயே உயரமான தூண்களில் ரயில் பாலம் போகிறது. அடியில் காட்டெருமைகள். பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

இன்னோர் இடத்தில் இறங்கி நின்றோம். பிடிபட்ட யானைத் தந்தங்களைக் குவித்துத் தீயிட்ட இடம். 1989இல் 12 டன், 2016இல் 105 டன். சாம்பலை அப்படியே விட்டிருக்கிறார்கள். அங்கே நான் அதிகம் நிற்கவில்லை.

காண்டாமிருகம் தூரத்தில் இரண்டு. நெருப்புக்கோழி நிறைய. சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், பார்க்கவில்லை.

இந்தப் பூங்காவில் திரியும் காட்டு யானைகள் கிடையாது, யானைக்கு இந்த இடம் போதாது. ஆனால் ஓரத்தில் யானைக்குட்டிகளின் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஷெல்ட்ரிக் அறக்கட்டளை நடத்துவது. வேட்டையில் தாயை இழந்தவை, வறட்சியில் விடப்பட்டவை, கிணற்றில் விழுந்தவை எல்லாம் இங்கே வளர்கின்றன. பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மணி நேரம்தான் பார்வையாளர்களுக்கு. கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். புதருக்குள்ளிருந்து குட்டிகள் வரிசையாக ஓடி வந்தன பாருங்கள், அசல் நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மணி! ஒன்று வரிசையில் முந்துகிறது, ஒன்று அடுத்ததன் புட்டியைப் பிடுங்கப் பார்க்கிறது, ஒன்று குடித்து முடித்தும் குடிக்காதது போல் நிற்கிறது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் இரண்டு பேருக்கும் தெரியும்.

பச்சை மேலங்கி போட்ட ஆண்கள்தான் தாய்மார். மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும், பால் கொடுக்கிறார்கள். கொட்டிலில் குட்டியோடேயே படுத்துக்கொள்கிறார்கள். பச்சைக் குட்டிகளுக்குப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு அதன் பின்னாலிருந்து புட்டியை நீட்டுவார்களாம். துதிக்கையைப் போர்வையில் வைத்துக்கொண்டால் அம்மா வயிற்றின் மேல் வைத்த மாதிரி இருக்குமாம்.

அந்தப் பாலின் கதை நம் பேராவூரணிக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டியது. டாப்னே ஷெல்ட்ரிக் அம்மையார் வருடக்கணக்காக முயன்றார். பசும்பால் கொழுப்பு யானைக்குட்டிக்கு ஆகாது, செத்துப்போகும். கடைசியில் எது ஒத்துக்கொண்டது தெரியுமா? தேங்காய் எண்ணெய் சேர்த்த பால் மாவு! கஜா புயலில் விழுந்த நம் தென்னைகளை எண்ணிக்கொண்டு நான் அங்கே நின்றேன்.

அப்படிப் பிழைத்த குட்டிக்கு ஆயிஷா என்று பெயர். ஆறு மாதம் வரை வளர்ந்தது. 1974இல் அம்மையார் தன் மகளின் திருமணத்துக்காகச் சில நாள் வெளியூர் போனார். குட்டி பால் குடிக்க மறுத்துவிட்டது. அவர் திரும்பி வந்தும் பிழைக்கவில்லை. பால் சரிதான், ஒரே ஒருத்தர் கையில் வளர்த்ததுதான் ஆகவில்லை. அதிலிருந்து எந்தக் குட்டியும் ஓர் ஆளையே ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, கூடப் படுக்கும் ஆளை ராத்திரிக்கு ராத்திரி மாற்றுகிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பது சொந்தங்களுக்குப் புரியும். பேரனை ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை நான்தான் வளர்த்தேன். இவர்கள் இரண்டு பேரும் லுசாக்காவில் வேலையில் காலூன்ற வேண்டியிருந்தது. என் கையால்தான் சாப்பிடுவான், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அழைத்துப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது தொலைபேசியில் "ஹாய் அம்மாச்சி" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிறான். நல்லதுதான். நல்லது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பராமரிப்பாளரிடம் கேட்டேன், இவை உங்களை மறந்துவிடுமா என்று. மூன்று வயது வாக்கில் சாவோ காட்டுக்கு அனுப்புவோம், அங்கே காட்டு யானைகளோடு சிறிது சிறிதாகப் பழகி ஒரு நாள் போய்விடும் என்றார். அதற்குத்தான் வளர்க்கிறோம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, போனவற்றில் சில வருடங்கள் கழித்துத் தாங்கள் ஈன்ற குட்டியையும் கூட்டிக்கொண்டு கொட்டில் பக்கம் வந்து நிற்கும் என்றார். கேட்டதும் பேச்சு வரவில்லை எனக்கு. "அசாந்தே" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: குட்டிகளைப் பார்க்க முன்பதிவு கட்டாயம். பூங்காவில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, என் முறுக்கு மஞ்சப்பையில்தான் போனது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும், அறுபது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு மணிக்கெல்லாம் விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன். மருமகன் நிம்மதியாக இருந்திருப்பார்.

லுசாக்காவில் இறங்கியபோது ராத்திரி. பேரன் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். உயரமாகிவிட்டான். வா என்று நான் இழுக்கவில்லை. அடுத்த நாள் ஒட்டகச்சிவிங்கிப் படங்களைக் காட்டினேன், பார்த்துவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் நாள் காலை, ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டி என் பெட்டியின் மேல் இருந்தது. அதை எடுத்து மோந்து பார்த்தான். என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.