எண்ணெய் எங்கே போயிற்று?

தொட்டியில் எண்ணெய் நிறைந்திருக்க, எஞ்சின் எண்ணெயின்றி நின்றுபோகுமானால், கண்டோர் முதலில் ஐயுறுவது எஞ்சின்காரரையேயாம். குழாயை ஐயுறுவோர் மிகச் சிலர். நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில் 2017ஆம் ஆண்டில் நடந்தது இதுவே.

பகாங் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள அத்தோட்டத்திற்கு அப்பொழுது வெளியிலிருந்து மின்கம்பி வந்திருக்கவில்லை. லயங்களுக்கும் ஆபீசுக்கும் ஒரு டீசல் எஞ்சினே மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை ஒளி தந்தது. அதன் தொட்டி எஞ்சின் கொட்டகைக்குப் பின்னே ஆளுயரச் சட்டத்தின்மேல் இருந்தது. எண்ணெய் லாரி மேடேற வருந்துகிறதென்று கூறி, நிர்வாகத்தினர் தொட்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கி வைத்து, நீண்டதொரு குழாயைக் கொட்டகைக்கு இழுத்துவிட்டனர். லாரிக்காரருக்குச் சௌகரியந்தான். நான்காம் நாள் முதல் எஞ்சின் திணறத் தொடங்கிற்று. விளக்குகள் மங்கும், பிரகாசிக்கும், பின் அணைந்துவிடும். எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது. பிள்ளைகள் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு படித்தார்கள்.

எஞ்சின்காரர் எண்ணெயை விற்றுவிட்டு நீரைக் கலந்தாரென்று ஆபீசில் பேச்செழுந்தது. எச்சரிக்கைக் கடிதமும் கொடுக்கப்பட்டது. லயத்திலோ, தொட்டியிருந்த இடம் முனியாண்டிக்கு உரியது, அதைப் பெயர்த்த குற்றமே இது என்று சொல்லிக் கோழிக்குப் பணம் தண்டினர். கோழி அறுக்கப்பட்டது. அன்றிரவும் விளக்கு அணைந்தது.

எண்ணெய்க் கணக்கு நம்மிடம் இருந்தது. நாள்தோறும் தொட்டியில் அளவுகோலை விட்டு நாம் எழுதிய அளவும், எஞ்சின் ஓடிய மணியும் ஒத்திருந்தன. நீரைக் காட்டும் பசையைக் கோலின் நுனியில் தடவிப் பார்த்தோம். ஒரு விரற்கடை நீர் இருந்தது மெய்யே. அது களவு நீரன்று. அரைகுறையாய்க் கிடக்கும் தொட்டிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து துளியாகும். டீசலினும் நீர் கனமாதலின் அடியில் தங்கும். தொட்டியை அசைத்தபொழுது அந்நீரும் வண்டலும் கலங்கி வடிகட்டியை அடைத்தன. ஆயினும் வடிகட்டியை மாற்றிய பின்னும் நோய் தீரவில்லை.

காரணத்தைச் சொன்னவர் எஞ்சின்காரரே. “கிராணி ஐயா, முன்னே எண்ணெய் தானா இறங்கி வந்திச்சு. இப்ப எஞ்சின் உறிஞ்ச வேண்டியிருக்கு. உறிஞ்சுற குழாய் ஒழுகாதுங்க, காத்தைக் குடிக்கும்” என்றார்.

2003இல் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபின் படித்த தலைமுறையினர் நாம். 1643இல் இத்தாலியில் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காற்றின் அழுத்தத்தைக் காட்டியதும், அவ்வழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் நீரைத் தாங்கும் என்பதும் நெட்டுருவாய்த் தெரியும். நம் பள்ளத்தின் ஆழமோ இரண்டே மீட்டர். ஆகவே ஆழம் பெரிதன்று. மேலிருந்து எண்ணெய் இறங்கும் குழாயின் மூட்டுத் தளர்ந்தால் எண்ணெய் சொட்டும்; சொட்டைக் கண்டு முடுக்கிவிடலாம். கீழிருந்து உறிஞ்சப்படும் குழாயிலோ அழுத்தம் வெளிக்காற்றினும் குறைவு. ஊசித்துளை இருப்பினும் ஒரு துளி வெளிவராது, காற்றே உட்புகும். காற்று நசுங்குமேயன்றி எண்ணெயைப்போல் தள்ளாது. எனவே எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இது நம் தோட்டத்து விந்தையன்று. வட அயர்லாந்தில் பெரும்பாலான வீடுகள் குளிர்காலத்தில் எண்ணெயை எரித்தே சூடேற்றப்படுகின்றன. தீக்காப்புக் கருதித் தொட்டியைப் பொதுவாக வீட்டினின்று 1.8 மீட்டராவது தள்ளி வைக்கும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. அவ்வாறு தள்ளி, எரிகலத்தினும் தாழ்ந்த இடத்தில் வைத்துவிட்டால் அங்கும் அடுப்பு அணைந்து, வீடு குளிர்ந்துபோகும். காற்றைப் பிரித்தெடுக்கும் சிறு கருவியொன்றை அவர்கள் எரிகலத்தின் அருகே பொருத்துகிறார்கள்.

நமக்கு அக்கருவி கிட்டவில்லை. எஞ்சின்காரர் குழாயின் மூட்டுகளையெல்லாம் கழற்றிப் புதிதாய் இறுக்கினார். பழைய சட்டத்தின்மேல் சிறு தொட்டியொன்றை ஏற்றினார். பிற்பகலில் கைப்பம்பால் அதனை நிரப்பிவிட்டால் இரவு முழுதும் எண்ணெய் தானே இறங்கும். வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். அன்று முதல் விளக்கு அணையவில்லை.

நம் எண்ணெய்க் கணக்கின் பிரதியை இணைத்து, எச்சரிக்கைக் கடிதத்தை நீக்குமாறு நிர்வாகத்திற்கு எழுதினோம். எஞ்சின் ஓடுகிறதே, இனி அதனால் என்ன என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினோம். கடிதம் இன்னும் அவருடைய கோப்பிலேயே இருக்கிறது.